வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்: ஐ3-ஆ, ரைசனா, பழைய ஐ7-ஆ?

எந்த பிராசஸர் நல்லது என்று யாராவது கேட்டால், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்களா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் ஐ3 வாங்கு, ரைசன் வாங்கு என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் பிராசஸர்களில் சிலவற்றுக்குள்ளேயே திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறது. சிலவற்றில் அது அறவே கிடையாது. இல்லாதது விலை குறைவு என்பதால் பட்டியலில் அதுதான் கண்ணை இழுக்கும். அதை வாங்கி மாட்டி, மதர்போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மானிட்டர் கேபிளைச் செருகினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. போர்டு போய்விட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. போர்டில் கோளாறு எதுவும் இருக்காது. துளை போர்டில் இருந்தாலும் படம் பிராசஸரிலிருந்துதான் வர வேண்டும்.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல். அதில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் கிராஃபிக்ஸ், அதாவது அந்தப் படம் அனுப்பும் பகுதி, இல்லை என்று அர்த்தம். 12100எஃப், 12400எஃப் எல்லாம் இந்த ரகம். ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் இது தலைகீழ். ஜி அல்லது ஜிடி இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. 5600ஜி-யில் இருக்கிறது, 5500-லும் 5600-லும் இல்லை. கடைக்காரர் வாயால் சொல்லும்போது இந்தக் கடைசி எழுத்து காணாமல் போய்விடும். அதனால் எண்ணை முழுசாக எழுதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், பிராசஸர் விலையைத் தனியாக ஒப்பிடாதீர்கள். பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு விலை. பிராசஸரில் ஆயிரம் மிச்சம் பிடித்துவிட்டு போர்டில் இரண்டாயிரம் கூடக் கொடுக்கிற சமாசாரம் சாதாரணமாக நடக்கிறது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏற ஆரம்பித்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. உலகம் முழுக்க ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் போய்க்கொண்டிருக்கிறது, அதன் சூடு மதுரை டவுன் ஹால் ரோட்டில் ரேம் வாங்குகிறவர் வரை வந்துவிட்டது.

திருநகரில் என் அக்கா வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மாமாவுக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை. ராத்திரி வீட்டுக்கு வந்து டேலியில் கணக்கு ஏற்ற வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பார்க்க வேண்டும். மகன் இன்ஜினியரிங் சேர்கிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ். கோடிங் என்று வாயில் சொன்னாலும் மனசு வேலரன்ட் கேமில் இருக்கிறது. மகள் பத்தாவது, அவளுக்குப் பாட வீடியோ. மானிட்டர், யூபிஎஸ் நீங்கலாக நாற்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளின் தேவை இதைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் இதையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

மாமா ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த கொட்டேஷனில் "கோர் ஐ7, 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி, கேமிங் கேபினெட்" என்று இருந்தது. பதினெட்டாயிரம். அக்கா மகன் அதை என்னிடம் காட்டி, "மாமா, ஐ7 பெருசுதானே? நீங்க ஏன் ஐ3 சொல்றீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தத் தாளில் ஐ7-க்குப் பின்னால் எண்ணே இல்லை. போன் போட்டுக் கேட்டபோதுதான் 3770 என்றார்கள். அது 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை. நாலு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு. நான் சொன்ன ஐ3 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இரண்டுக்கும் நாலு கோர், எட்டு த்ரெட்தான் (கோர் என்பது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் மூளை, த்ரெட் என்பது அவை ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). ஆனால் மொத்த வேகத்தில் 3770 ஏறக்குறைய பாதிதான் தேறும். பத்து வருஷத்தில் ஒரு கோர் செய்கிற வேலை அவ்வளவு மாறிவிட்டது. அதோடு வருகிற எச்61 போர்டின் சிப்செட் (போர்டை நடத்தும் சிப்) 2011-ஐச் சேர்ந்தது, ரேமும் டிடிஆர்3 என்ற பழைய ரகம். நாளைக்கு மெஷினை மாற்றும்போது அந்த ரேமைக்கூட எடுத்துப் போட முடியாது.

விண்டோஸ் விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் ரைசனில் 2000 வரிசையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கணக்கு. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏறவும் செய்யும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் எப்படி வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கடைக் கணக்கும் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிற மெஷினில் இந்த விளையாட்டு வேண்டாம். ஏழாம் தலைமுறை வரைக்கும் உள்ள எந்த இன்டெல்லையும், ஐ7 ஆனாலும் சரி, இன்றைக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு வாங்காதீர்கள்.

சரி, கார்டு போடப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் உண்மையான போட்டி இரண்டு பேருக்குத்தான்: இன்டெல் ஐ3 12100, ரைசன் 5 5600ஜி.

12100 நாலு கோர், எட்டு த்ரெட், உள்ளே யுஎச்டி 730 கிராஃபிக்ஸ். 5600ஜி 2021-ல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளே ரேடியான் வேகா 7. ஒரு கோரை மட்டும் வைத்துப் பார்த்தால் 12100 ஒரு படி மேலே. டேலி, பிரவுசர், எக்செல் எல்லாம் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தை நம்பி ஓடுகிறவை. அதனால் மாமாவின் வேலைக்கு 12100 போதும் என்பதைவிட, அதுதான் சரி என்றே சொல்லலாம். ஆனால் பையன் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து எமுலேட்டரை ஓட்டி, பக்கத்தில் இருபது டேப் வைத்துக்கொண்டு புராஜெக்ட்டை பில்டு செய்தால் ஆறு கோரின் அருமை தெரியும். எல்லா கோரையும் சேர்த்து ஓட்டும் வேலைகளில் 5600ஜி நன்றாக முந்திப் போகிறது.

கிராஃபிக்ஸில் இடைவெளி இன்னும் பெரிசு. வேகா 7, யுஎச்டி 730-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலரன்ட் மாதிரி லேசான கேம் இரண்டிலும் ஓடும். 5600ஜி-யில் முழு எச்டி-யில் நிம்மதியாக ஓடும், 12100-ல் செட்டிங்கைக் குறைத்து வைக்க வேண்டும். ஜிடிஏ 5 போன்றவற்றை 5600ஜி-யில் குறைந்த செட்டிங்கில் விளையாடலாம், 12100-ல் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

வேகாவுக்கென்று தனி மெமரி கிடையாது. அது ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதற்கு மூச்சு முட்டும். 16 ஜிபி ஒரே குச்சி போடுவதற்கும் 8 ஜிபி இரண்டு போடுவதற்கும் கேமில் கண்ணால் பார்க்கிற வித்தியாசம் வரும். கடையில் "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்" என்று ஒற்றைக் குச்சியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 5600ஜி வாங்குகிறவர்கள் மட்டுமாவது இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கி வைத்தால் மிச்சம் 14 ஜிபி மற்ற வேலைக்கு இருக்கும். 8 ஜிபி-யோடு நிறுத்திக்கொண்டால் அந்த ஒதுக்கீடு போக மீதி 6 ஜிபி-யில் விண்டோஸ் 11 திணறும். ஆக, 5600ஜி-யின் உண்மையான விலை இரண்டு குச்சி ரேமையும் சேர்த்ததுதான். ரேம் விலை கையைக் கடித்து 8 ஜிபி-தான் முடியும் என்ற வீட்டுக்கு 12100 எவ்வளவோ பொருத்தம்.

கிராஃபிக்ஸ் வேலைகளில் வீடியோ பார்ப்பதில் மட்டும் 12100 முன்னால் நிற்கிறது. யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. யுஎச்டி 730 அதைத் தானே பிரித்துக் காட்டிவிடும். வேகாவில் அதற்கான பகுதி இல்லாததால் வேலை பிராசஸர் கோர்களின் தலையில் விழும். ஆறு கோர் இருப்பதால் பாட வீடியோ தடங்காது, கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். இதை வைத்து 5600ஜி-யை ஒதுக்க வேண்டியதில்லை.

போர்டு பக்கம் வந்தால், 12100-க்கு எச்610 ரக போர்டு போதும். ஆனால் எச்610 டிடிஆர்4-க்கும் உண்டு, டிடிஆர்5-க்கும் உண்டு. ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் செருகவே செருகாது. 5600ஜி-க்கு ஏ520 ரக போர்டு போதும், அது உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் டிடிஆர்4 மட்டும்தான் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. பழைய ஸ்டாக் ஏ520, பி450 போர்டுகளில் பயாஸ் அப்டேட் செய்யாமல் 5600ஜி எழுந்திருக்காமல் போகலாம் என்பதால் கடையிலேயே மாட்டி, படம் வருவதைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எடிட்டிங் செய்கிறவர்களின் கதை வேறு. மதுரையில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று வீடியோ எடுத்து வீட்டு மாடியிலேயே எடிட் செய்கிற தம்பிகள் நிறைய. இவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஐ5 12400, எஃப் இல்லாதது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதே எச்610 போர்டில் உட்காரும். பி660 கிடைத்தால் இன்னும் நல்லது. மொத்த வேகத்தில் 5600ஜி-யும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இன்டெல் கிராஃபிக்ஸில் வீடியோவைப் பிரித்துத் தரும் குவிக் சிங்க் என்ற பகுதியில் இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் பல எச்.265 முறையில் 10 பிட், 4:2:2 என்று நிற விவரம் கூடுதலாக வைத்துப் பதிவு செய்கின்றன. அந்த ஃபைலை பிரீமியர் டைம்லைனில் போட்டு இழுத்தால், பதினோராம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸ் அதை நேரடியாகப் பிரித்துத் தரும். 5600ஜி தராது. என்விடியா கார்டுகளிலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தியவை இந்த 4:2:2 ஃபைலைப் பிரிக்காது. கையில் ஏற்கெனவே நல்ல கார்டு இருக்கிறது, அதனால் 12400எஃப் எடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிற எடிட்டர்களும் எஃப் இல்லாததையே எடுங்கள், அப்போதுதான் தாலி கட்டுகிற இடத்தைத் தேடிக் கர்சரை இழுக்கும்போது படம் விட்டுவிட்டு ஓடாது. வருமானம் வருகிற மெஷினில் அந்த மிச்சம் தேவையில்லாதது.

கார்டு நிச்சயம் போடப் போகிறோம், கேம்தான் முக்கியம் என்றால் 12400எஃப், ரைசன் 5600 இரண்டும் கிட்டத்தட்ட சமம். இங்கே போர்டுதான் முடிவு செய்யும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற விலை குறைந்த கார்டுகள், பிராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போகிற பிசிஐ பாதையில் நாலு லேனை மட்டும் பயன்படுத்துகின்றன, ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன். லேன் குறைவாக இருக்கும்போது பாதை பிசிஐ 4.0 ஆக இருப்பது அவசியம், 3.0 என்றால் அகலம் பாதியாகிவிடும். ரைசன் 5600 தன்னளவில் 4.0 தந்தாலும் ஏ520, பி450 போர்டுகளில் அது 3.0-தான். 4.0 வேண்டுமானால் பி550-க்குப் போக வேண்டும், அங்கே விலை ஏறுகிறது. மலிவான எச்610-லேயே கார்டுக்கு 4.0 கிடைத்துவிடுவதால் சின்ன கார்டு போடுகிற பட்ஜெட்டில் 12400எஃப் பக்கம்தான் என் ஓட்டு. ரைசன் 5500 இன்னும் மலிவு, ஆனால் அதில் பாதை எந்த போர்டிலும் 3.0, கேஷும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 5600-ல் இருப்பதில் பாதி, 16 எம்பி-தான். 5600ஜி-க்கும் இதே குறை உண்டு. அதனால் ஆறு மாதத்தில் கார்டு வாங்கிவிடுவேன் என்கிறவர்கள் இப்போதே 5600ஜி-க்குப் போகாதீர்கள்.

ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 பற்றிக் கேட்பீர்கள். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அந்த சாக்கெட்டுக்கு பிராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 12100, 12400 உட்காரும் இன்டெல் சாக்கெட்டான எல்ஜிஏ1700 பதினாலாம் தலைமுறையோடு முடிந்துவிட்டது, ஏஎம்4-ம் அந்திமக் காலத்தில் இருக்கிறது. ஏஎம்5-ல் உட்காரும் 8600ஜி-யின் உள் கிராஃபிக்ஸ் வேகாவையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். இன்றைய ரேம் விலையில் நாற்பதாயிரத்துக்குள் அதை அடக்க முடியாது. ஐம்பதைத் தாண்ட முடிகிறவர்கள் பார்க்கலாம். ரைசன் 3 3200ஜி இன்னும் சில கொட்டேஷன்களில் தலைகாட்டுகிறது. நாலு கோர், நாலு த்ரெட், 2019 சரக்கு. வேண்டாம்.

கையில் பதினைந்தாயிரம்தான் இருக்கிறது என்றால் புதுசு என்ற பெயரில் வரும் எச்61 மெஷினை விட, கம்பெனி ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 8400 அல்லது 8500 டெஸ்க்டாப் எவ்வளவோ மேல். ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும், உள் கிராஃபிக்ஸ் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) போர்டும் அந்த கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும் என்பதால் ஒன்று போனால் வெளியில் வாங்கி மாட்டுவது சிரமம். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் படிக்கிற பிள்ளைக்கும் கடைக் கணக்குக்கும் தாராளமாகப் போதும். பழைய மெஷினாகப் பதின்மூன்று, பதினாலாம் தலைமுறை ஐ7, ஐ9 சல்லிசாக வந்தால் அவசரப்படாமல் யோசியுங்கள். அவற்றில் வோல்டேஜ் பிரச்சினையால் பிராசஸர் கெடுவது 2024-ல் வெளியே வந்து, இன்டெல் மைக்ரோகோட் என்ற உள் சாஃப்ட்வேரில் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. பன்னிரண்டாம் தலைமுறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை சாயங்காலம் வரை அனலாக இருக்கும். அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். 12100-க்கு 100 டிகிரி, 5600ஜி-க்கு 95 டிகிரி எல்லை. அதைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முழு வேகத்தில் 12100 அதிகபட்சம் 89 வாட், 5600ஜி 88 வாட் இழுக்கும் என்பதால் இரண்டுக்கும் பெட்டியோடு வரும் கூலரே போதும். 12400 எடிட்டிங்கில் 117 வாட் வரை போகக்கூடியது, மே மாதத்தில் மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் போடுகிறவர்கள் அதற்குத் தனி கூலர் வாங்கலாம். முகப்பில் கண்ணாடி போட்டு அடைத்த கேபினெட்டை விட, வலைமுகப்பு கேபினெட் எடுங்கள். கார்டு இல்லாத மெஷினுக்கு 600 விஏ யூபிஎஸ் போதும், கரண்ட் போனால் மாமா கணக்கை சேவ் செய்து மூடுகிற நேரம் கிடைக்கும். கார்டு போட்டால் 1000 விஏ-வாவது வேண்டும்.

அக்கா வீட்டுக்கு 5600ஜி, ஏ520, 8 ஜிபி இரண்டு என்று முடிவு செய்தோம். "மாப்ள, என் கணக்குக்கு அந்த ஐ3 போதும்னு நீங்கதான சொன்னீங்க?" என்று மாமா கேட்டார். போதும்தான், ஆனால் அந்த மெஷினில் அதிக நேரம் உட்காரப் போவது பையன். கார்டு வாங்கித் தர மாட்டேன் என்று மாமா உறுதியாகச் சொன்ன பிறகு, கேமும் பில்டும் சேர்ந்து ஓடுகிற ஒன்றை எடுப்பதுதான் முறை. மாமாவின் டேலிக்கு அதில் குறை ஒன்றும் வரப் போவதில்லை. பையன் இல்லாத வீடாக, கடைக் கணக்கும் மகளின் படிப்பும் மட்டும் என்றால் 12100 சொல்லியிருப்பேன். மிச்சப் பணத்தை 500 ஜிபி எஸ்எஸ்டி-யில் போடலாம்.

வாங்கும்போது பெட்டியோடு வரும் பிராசஸரா, பெட்டியில்லாமல் வரும் டிரேயா என்று கேளுங்கள். டிரே சில நூறு ரூபாய் குறைவாக இருக்கும், ஆனால் கூலர் வராது, கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டியும் நமக்குக் கிடைக்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கொஞ்சம் குறையும் என்று கூரியரில் வரவழைக்கிறவர்கள் உண்டு. கோளாறு வந்தால் அலைவது யார் என்பதை யோசித்து அந்த வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் பிராசஸரின் முழு எண்ணும், பெட்டியில் இருக்கிற சீரியல் நம்பரும் ஏற வேண்டும். ஏஎம்4 பிராசஸரைப் பழசாக வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அடியில் உள்ள பின்களை வரிசை வரிசையாகப் பாருங்கள், வளைந்தது ஒன்று இருந்தாலும் வேண்டாம். இன்டெல் எல்ஜிஏ1700-ல் பின்கள் போர்டில் இருக்கின்றன, அங்கே பார்க்க வேண்டியது சாக்கெட். அசெம்பிள் செய்து முடித்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசஸர் பெயரும், மெமரியில் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருப்பதும் தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.